சம்பாவுக்கு இருட்டு கொடுத்த கதை

ஏழாவது மாடி நடைவழியில் நான்கு தொட்டிகளில் வளர்த்த பழைய சம்பா நெல் ஒருவழியாகக் கதிர் தள்ளி, முற்றி, அறுவடையும் முடிந்துவிட்டது. மூன்று தொட்டிகளில் கிடைத்த நெல் 210 கிராம். நான்காவது தொட்டி இன்றுவரை வெறும் இலைதான். அந்த நான்காவது தொட்டிதான் இந்த முயற்சியில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு பழைய விதைநெல்லை உயிர்ப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு பருவமாவது மிச்சமாகட்டும் என்று செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விதை வந்தது எங்கள் புளோக்கில் வசிக்கும் ஓர் அக்காவிடமிருந்து. அவருடைய தகப்பனார் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த நெல். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, மேலே ‘சம்பா, தை 2006’ என்று எழுதி ஒட்டியிருந்தார். உள்ளே அடியில் ஒரு துணி முடிச்சில் சாம்பலும் வேப்பிலையும். எந்தச் சம்பா என்று எழுதவில்லை. “பூசை மாடத்தில் வைத்தால் வண்டு வரும் என்று அப்பா இதைக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார், தம்பி. அவர் போன பிறகு தூக்கி எறிய மனம் வரவில்லை. முளைக்குமா என்று பாருங்கள்” என்று கொடுத்தார்.

பெரியவர் செய்த இரண்டு காரியங்கள்தான் அந்த நெல்லைக் காப்பாற்றின: காற்றுப்புகாத மூடி, குளிர். விதை வங்கிகளில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். சேமிப்பு வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. நம் வீட்டு அலமாரி 30 பாகை, குளிர்பதனப் பெட்டி 5 பாகை என்று வைத்துக்கொண்டால் இடையே 25 பாகை. ஐந்து முறை இரட்டித்தால் 32 மடங்கு. அலமாரியில் இருந்திருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது வெறும் தானியமாகியிருக்கும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். எத்தனை பெரிய செய்தி! ஆனால் அந்த நெல் முளைக்காது. அது எந்தப் பருவத்துப் பயிர், எத்தனை உயரம் வளர்ந்தது, எப்போது பூத்தது என்று அந்த உமியிடம் கேட்க முடியாது. இதற்கு எதிர்ப்பக்கம் இஸ்ரேலின் மசாதா கோட்டையில் 1960களில் தோண்டி எடுத்த பேரீச்சங்கொட்டை. சுமார் 2000 ஆண்டுப் பழைய கொட்டை ஒன்றை 2005இல் முளைக்க வைத்தார்கள். பிறகு அந்தப் பாலைவனப் பகுதியின் வேறு இடங்களில் கிடைத்த கொட்டைகளும் முளைத்தன. உயிருள்ள மரங்கள் கிடைத்ததால் அவற்றின் மரபணுத்தொகுதியை முழுமையாகப் படித்து, கிரீட் தீவின் காட்டு ஈச்ச இனம் அந்தக் காலத்திலேயே அவற்றில் கலந்திருந்ததை 2021இல் காட்டினார்கள். என்னிடம் இருந்தது இரண்டாயிரம் ஆண்டு விதை அல்ல. ஆனால் பல நூற்றாண்டுகளாக அறுத்து, எடுத்துவைத்து, மறுபடி விதைத்து வந்த ஒரு வரிசையின் கடைசி நெல்மணிகள் அந்தப் பாட்டிலில் இருந்தன.

முதல் தவணையாக ஒரு கைப்பிடி நெல்லை ஊரில் செய்வதுபோல் வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இறுக்கிக் கட்டிவைத்தேன். மூன்றாம் நாள் பிரித்தால் பூசணம் பஞ்சுபோல் படர்ந்திருந்தது. முளை ஒன்றுகூட இல்லை. புதிய விதைக்குச் சரியான வழி பழைய விதைக்குச் சரிவராது. காய்ந்து பழகிய கரு ஒரேயடியாக நீரை உறிஞ்சினால் அதன் மெல்லிய சவ்வுகள் கிழிகின்றன; உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிகிறது; பூசணத்துக்கு அதுவே சாப்பாடு.

அடுத்த தவணையில் முறையை முழுக்க மாற்றினேன். சாப்பாட்டு டப்பாவின் அடியில் ஒரு விரற்கடை நீர், அதற்குமேல் நீரைத் தொடாதபடி தேநீர் வடிகட்டி, அதில் நெல். மூடிவைத்து ஒன்றரை நாள். விதை காற்றிலிருந்து மெல்ல ஈரம் வாங்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு நெல்லாக உமியை நீக்கினேன். நகவெட்டியால் முனையை மட்டும் நறுக்கி, கூர்முனை இடுக்கியால் உரித்தால் கரு சேதமாகாது. கரு இருக்கும் முனை எது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்: அரிசியின் ஒரு முனையில் பக்கவாட்டில் சிறு வெண்புள்ளியாகத் தெரியும். உரித்தபோதுதான் அரிசி சிவப்பு என்று தெரிந்தது.

வீட்டு பிளீச் 1 பங்கு, நீர் 4 பங்கு கலந்து அதில் பத்து நிமிடம். கொதித்து ஆறிய நீரில் மூன்று முறை அலசல். படுக்கைக்கு அகர் அகர் தூள், இனிப்போ நிறமோ சேர்க்காதது. ஒரு லிட்டருக்கு 8 கிராம். ஜாம் பாட்டில்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வேகவைத்து ஆறவிட்டால் பூசணம் இல்லாத தெளிவான படுக்கை கிடைக்கும். இங்கே வீட்டின் வெப்பமே 29, 30 பாகை என்பதால் சூடேற்றும் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

பாதி விதைகளை மட்டும், முளைக்கத் தூண்டும் ஜிப்ரெலிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்தேன். 100 மில்லிகிராம் தூளைச் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்து ஒரு லிட்டர் நீரில் சேர்க்க வேண்டும். நேரடியாக நீரில் எளிதில் கரையாது. மசாதா கொட்டைகளுக்கும் இதே பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். இந்தப் பொருள் கண்டறியப்பட்டதே நெல்லிலிருந்துதான். ஒருவகைப் பூசணம் தாக்கிய நாற்று ஏன் கண்மண் தெரியாமல் நெட்டையாக வளர்கிறது என்று 1926இல் குரோசாவா என்ற ஜப்பானிய அறிவியலாளர் ஆராய்ந்ததில் தொடங்கிய கதை அது.

வெறும் நீரில் ஊறியவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டு முளைத்தன. அமிலத்தில் ஊறியவற்றில் நூற்றுக்கு ஆறேழு. ஆனால் அவை வெளிறி, நூல்போல் நீண்டு, நிற்க முடியாமல் சாய்ந்தன. 100 மில்லிகிராம் அதிகம். அடுத்த முறை அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்திருக்கிறேன். இரண்டு நாற்றுகள் பச்சையமே இல்லாமல் தூய வெள்ளையாக வந்தன. நெடுநாள் கிடந்த விதையின் மரபணுவில் சேதம் சேர்வதால் இப்படி நேரும். அரிசியில் இருந்த சத்து தீரும்வரை வளர்ந்து, அதன் பிறகு கருகிவிட்டன. கடைசியில் வேர் பிடித்துத் தேறியவை ஒன்பது.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். நடைவழியில் எதை வைத்தாலும் ஆள் போக 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது தீயணைப்பு விதி. முதலில் அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்த பிறகே தொட்டி வாங்கினேன். 25 லிட்டர், அடியில் துளை இல்லாதது, ஒன்று 9 சிங்கப்பூர் வெள்ளி. பூந்தொட்டி மண் கலவையை நிரப்பி நீர் விட்டால் தேங்காய் நாரெல்லாம் மேலே மிதந்து நாற்றுக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. அதைக் கொட்டிவிட்டு எரிமண் (சுட்ட மண்) 2 பங்கு, களிமண் கலந்த தோட்டமண் 2 பங்கு, மட்கிய எரு 1 பங்கு என்று கலந்து, நீர் விட்டுக் கையால் பிசைந்து சேறாக்கினேன். தொட்டிக்கு இரண்டு நாற்று; மிஞ்சிய ஒன்றைச் சிறு வாளியில் வைத்தேன்.

இந்த ஊரில் நெல் வளர்ப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைத்தான். தேங்கிய நீரை நடைவழியில் வைத்திருப்பது அக்கம்பக்கத்துக்கே ஆபத்து. நல்லவேளையாக நெல்லுக்கு நீர் தேங்கி நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேரடி ஈரமாக இருந்தால் போதும். பிலிப்பீன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிவரும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைத் தொட்டிக்குச் சுருக்கிக்கொண்டேன். 30 சென்டிமீட்டர் பிவிசி குழாயில் வரிசையாகத் துளையிட்டு மண்ணுக்குள் செருகிவைத்தேன். உள்ளே ஒரு குச்சியை விட்டால் நீர்மட்டம் தெரியும். வயலில் மட்டம் 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு நீர் பாய்ச்சுவார்கள். என் தொட்டி ஆழமில்லாததால் 8 வரை இறங்கவிட்டேன். மண்ணின் மேல் இரண்டு விரற்கடைக்கு ஆற்றுமணல் பரப்பி, நீர் மணலுக்குமேல் வராதபடி ஊற்றினேன். குழாயின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் அந்தக் குழாயே கொசுவுக்கு வீடாகிவிடும்.

பயிர் அருமையாக வளர்ந்தது. குத்துக்கு இருபது தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) வரை கட்டியது. இடுப்புயரம் தாண்டி, நெஞ்சுயரம் வந்து, 140 சென்டிமீட்டரில் நின்றது. மூங்கில் குச்சிகளை நட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினேன். சம்பா என்றால் ஐந்து, ஐந்தரை மாதத்தில் அறுவடை. ஆறு மாதம் ஆயிற்று, ஏழாயிற்று. கதிருக்கு முன் வரும் கடைசி இலையான கண்ணாடி இலையும் வரவில்லை, கதிரைச் சுமந்து தண்டு தடிக்கும் பொதியும் கட்டவில்லை. தழைச்சத்து அதிகமாகிவிட்டதோ என்று உரத்தை நிறுத்தினேன். சாம்பல் சத்து போட்டேன். வெயில் போதவில்லையோ என்று தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரோரம் நகர்த்தி, செங்கல் அடுக்கி உயர்த்தினேன். காலை ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை நேர்வெயில் கிடைத்தும் பயனில்லை.

வழி காட்டியது தூணை ஒட்டி இருந்த தொட்டி. நான்கில் வெயில் குறைவாகப் பட்டது அதற்குத்தான். ஒரு காலை நீர் ஊற்றும்போது அதில் மட்டும் சில தூர்களின் தண்டு உருண்டு தடித்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இளங்கதிர். வெயில் குறைந்த தொட்டியில் கதிர், நிறைந்த தொட்டிகளில் இலை என்றால் காரணம் பகலில் இல்லை. அன்றிரவு வெளியே வந்து நின்று பார்த்தேன். நடைவழி விளக்கு மற்ற மூன்று தொட்டிகள்மீதும் நேராக விழுந்துகொண்டிருந்தது. தூண் மறைத்ததால் இந்த ஒரு தொட்டி மட்டும் நிழலில் இருந்தது. 24 வெள்ளிக்கு ஒளிமானி வாங்கி அளந்தேன். விளக்கடித் தொட்டியின் இலைமீது 30 லக்ஸுக்குமேல் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு). தூண் நிழலில் 2. முழுநிலவின் ஒளியே அரை லக்ஸைத் தொடாது.

சம்பா நெல் இரவின் நீளத்தை அளந்து பூப்பது. ஆடி, ஆவணியில் விதைத்தால் ஐப்பசிக்குப் பிறகு பகல் குறுகக் குறுக அது கதிருக்குத் தயாராகும். விடிய விடிய எரியும் விளக்கின் அடியில் அதற்கு இரவே வருவதில்லை. ஜப்பானில் சாலை விளக்கை ஒட்டிய வயல்களில் கதிர் தாமதமாவதைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். இதைவிட என்னை அசத்தியது நமக்கு அருகிலேயே நடந்த ஓர் ஆய்வு. மலாக்காவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் வெறும் 14 நிமிடம். அங்கே சியாம் 29 என்ற நெல் ரகத்தை ஜனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாள் ஆனது. செப்டம்பரில் விதைத்தபோது 161 நாள். 1959இல் வெளிவந்த ஆய்வு அது. கால் மணி நேரத்துக்கும் குறைவான மாற்றத்தை ஒரு புல் உணர்கிறது!

பிறகு என்ன, இருட்டைச் செய்ய வேண்டியதுதான். அரபு ஸ்திரீட் துணிக்கடையில் ஒளிபுகாத திரைத்துணி மூன்று மீட்டர், 18 வெள்ளி. பிவிசி குழாயில் சட்டம் கட்டி, இரண்டு தொட்டிகளுக்குக் கூடாரம்போல் போட்டேன். மீதமிருந்த நான்காவது தொட்டியை வேண்டுமென்றே விளக்கடியிலேயே விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாவிட்டால் துணியால் வந்ததா தானாக வந்ததா என்று எப்படிச் சொல்வது? மாலை ஆறு மணிக்கு மூடி, காலை ஏழு மணிக்குத் திறப்பது. பகல் பதினொரு மணி நேரமாகக் குறைந்துவிடும். வேலையிலிருந்து ஆறு மணிக்குள் எப்போதும் வர முடியாது. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியிடம் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். என்னைவிட நேரம் தவறாமல் மூடினார். தரைவரை மூடியபோது உள்ளே வியர்த்து இலையில் பழுப்புப் புள்ளி விழுந்தது. அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டதும் நின்றுவிட்டது. விளக்கு மேலிருந்து எரிவதால் அந்த இடைவெளி வழியே வந்த வெளிச்சம் இலையை எட்டவில்லை.

ஐந்து வாரம் கடந்ததும் மூடிய இரண்டு தொட்டிகளிலும் கதிர் வெளியே வந்தது. காலை பத்து மணிக்குமேல் பூ விரிந்து, நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். பால் பிடித்ததும் சிட்டுக்குருவிகள் ஏழாம் மாடிக்கும் வந்தன. மெல்லிய வலைப்பைகளைக் கதிருக்குக் கட்டினேன். அது இன்னொரு வகையிலும் உதவியது: இந்த நெல் முற்றினால் கையை வைத்ததும் உதிர்கிறது. பை இல்லாவிட்டால் பாதி நடைவழியில் கிடந்திருக்கும்.

இனி அந்தப் பயிர் தன்னைப் பற்றிச் சொன்னது. மணியின் முனையில் 2 சென்டிமீட்டர் வரை மீசை. எளிதில் உதிர்வு. சிவப்பு அரிசி. நெட்டை. இரவை அளந்து பூக்கும் குணம். ஒவ்வொன்றும் நெல்லின் காட்டு மூதாதையிடம் இருந்தது. நெல்லை முதலில் வீட்டுப்பயிராக்கியது சீனத்தின் யாங்சே ஆற்றுப் பகுதியில். கங்கைச் சமவெளியில் மக்கள் கையாண்டுவந்த நெல்லோடு அது பின்னால் கலந்தது. அரிசி வெண்மையானதே ஒரு மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டதால்தான். வெள்ளை அரிசிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே மாற்றத்தைச் சுமக்கின்றன. சிவப்பு அரிசி என்பதாலேயே ஒரு ரகம் ஆதிநெல் ஆகிவிடாது, அவசரப்பட்டு அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் மழை ஓய்ந்து நீர் வடியும் காலத்தில் மணி முற்றவேண்டும் என்ற கணக்கை இந்தச் செடி இன்னும் வைத்திருக்கிறது. 1966இல் வந்த ஐஆர் 8 போன்ற புதிய நெல் ரகங்களில் அந்தக் கணக்கைக் கழித்துவிட்டார்கள். எப்போது விதைத்தாலும் அவை விளையும். என் பாட்டிலில் இருந்தது அப்படிக் கழிக்கப்படாத நெல் என்பதை எந்த ஆய்வகமும் இல்லாமல் ஒரு நடைவழி விளக்கு காட்டிவிட்டது. உயிரில்லாத மணியிடமிருந்து இதை எவ்வளவு நுட்பமான கருவியாலும் கண்ணெதிரே பார்த்திருக்க முடியாது. அதனால்தான் பழைய விதை உள்ள வீடுகளில் அதை நினைவுப் பொருளாக மட்டும் வைத்திருக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மொத்தச் செலவு 164 வெள்ளி. தொட்டி 36, மண் 42, ஜிப்ரெலிக் அமிலம் 12, ஒளிமானி 24, துணி 18, மீதி குழாய், மூங்கில், வலைப்பை, அகர், சிலிக்கா ஜெல். முதலிலேயே ஒளிமானி வாங்கியிருந்தால் நான்கைந்து மாதம் முன்பே கதிர் பார்த்திருப்பேன்.

அறுத்த நெல்லை விசிறிக் காற்றில் நிழலில் காயவைத்து, பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடிய பாட்டிலில் வைத்தேன். ஈரம் பார்க்க ஓர் எளிய வழி: காய்ந்த உப்பும் நெல்லும் ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல். ஒட்டாத பிறகும் ஜெல்லில் இன்னும் இரண்டு வாரம் வைத்தேன். பாதியை அக்காவிடம் அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் திருப்பிக் கொடுத்தேன். ஒரே வீட்டுக் குளிர்பதனப் பெட்டியை நம்பி எல்லாவற்றையும் வைப்பது சரியில்லை.

அடுத்த விதைப்புக்குப் புது நெல்லை 50 பாகையில் ஐந்து நாள் வைத்து, அதை முளைக்கவிடாமல் வைத்திருக்கும் விதை உறக்கத்தைக் கலைக்க வேண்டும். பழம் உலர்த்தும் கருவி ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். இம்முறை ஆறு தொட்டிகள். இரண்டை மாலை ஆறு மணிக்கும், இரண்டை ஆறரைக்கும், இரண்டை ஏழு மணிக்கும் மூடப் போகிறேன். எத்தனை நிமிட இருட்டில் இந்தச் சம்பா இலையை விட்டுக் கதிருக்கு மாறுகிறது என்ற எண் எனக்கு வேண்டும். ஆறரை மணிக் கூடாரத்தைத் தன் பொறுப்பில் விடும்படி பக்கத்து வீட்டுப் பாட்டி இப்போதே கேட்டுவிட்டார்.